இடது ஸ்பீக்கர் செய்யாத குற்றம்

மகள் பெங்களூரிலிருந்து ஒரு ஜோடி ஸ்பீக்கர் அனுப்பியிருந்தாள். மேஜையில் கம்ப்யூட்டருக்கு இருபுறமும் வைத்துக்கொள்வது. கறுப்பாக, குட்டையாக, சீர்வரிசையில் ஏதோ குறைந்துபோன சம்பந்திகள் மாதிரி இரண்டும் என்னையே முறைத்துக்கொண்டிருந்தன. கூடவே ஒரு ஹெட்போனும் வந்தது. சிங்காநல்லூர் மில்லில் மெயின்டனன்ஸ் பார்த்து, மில் மூடியபிறகு வீட்டிலிருந்தபடியே ஒரு பம்ப்செட் கம்பெனிக்குக் கொட்டேஷன் அடித்துக்கொடுக்கிற ஆளுக்கு இதெல்லாம் அதிகம். ஆனாலும் மகள் அனுப்பியதைத் திருப்பி அனுப்புகிற அளவுக்கு எனக்கு ரோஷம் கிடையாது.

பாட்டுப் போட்டேன். வலது பக்கம் கணீரென்று வந்தது. இடது பக்கம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாடியது.

பழுது கண்டுபிடிப்பதுதான் மில்லில் என் பிழைப்பு. சந்தேகப்படுகிற சாமானை இடம் மாற்றிப் பார்க்க வேண்டும். கோளாறு அதோடு கூடப் போனால் சாமானில் கோளாறு. போகாவிட்டால் வேறெங்கோ. அதன்படி இரண்டு ஸ்பீக்கரையும் பக்கம் மாற்றி வைத்து, அந்தந்தப் பக்கத்துப் பழைய வயரையே சொருகினேன். மந்தம் இடது பக்கமே நின்றது. ஆக, ஸ்பீக்கர் நிரபராதி. ஹெட்போனை மாட்டினேன். அதிலும் இடது பக்கம் மந்தம். ஆக, குற்றவாளி கம்ப்யூட்டர். இவ்வளவு தெளிவாக யோசித்த மனிதன், பாட்டு போகிற வழியில் கடைசியாக இருந்த உதிரிபாகத்தை மட்டும் சந்தேகப்படவேயில்லை. அது கழற்ற வராத பாகம். அதோடு, அது என்னுடையது.

மகளுக்குப் போன் போட்டேன்.

"கம்ப்யூட்டர்ல இருக்கற சவுண்ட் அப்படித்தான்ப்பா இருக்கும். யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ்னு ஒண்ணு வரும், வாங்கி மாட்டுங்க. ஸ்பீக்கரையும் ஹெட்போனையும் அதுல சொருகிக்கலாம்."

"உங்கம்மா பேசறதையும் அதுல சொருகிக் கேக்கலாமா?"

"அப்பா!"

அப்போது அது நகைச்சுவையாகத்தான் இருந்தது.

அன்றிலிருந்து இன்டர்ஃபேஸ் தேடுவதே வேலையாகிவிட்டது. டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி, அவ்வளவுதான். அதற்குள் ஆயிரம் வித்தியாசம் சொன்னார்கள். ஸ்பீக்கருக்கு ஒரு குமிழ், ஹெட்போனுக்குத் தனியாக ஒரு குமிழ் வேண்டுமாம். ஒரே குமிழ் இருந்தால் கஞ்சத்தனமாம். எனக்கு மைக்கே கிடையாது, ஆனால் எல்லாப் பெட்டியிலும் மைக் சொருக இரண்டு ஓட்டை. ஒரு பெட்டி வௌவாலுக்குக் கேட்கிற சத்தம் வரைக்கும் சுத்தமாகக் கொடுக்கும் என்று வீடியோவில் ஒருவர் கண்மூடிச் சொன்னார். நான் நம்பினேன். வௌவாலுக்கு ஆகிறது எனக்கும் ஆகட்டுமே.

இந்தச் சமயத்தில் வீட்டில் என் மனைவி பேச்சைக் குறைத்திருந்தாள். குறைத்து வெகுநாள் ஆகியிருக்க வேண்டும், எனக்குத்தான் தெரியவில்லை. முக்கியமாகக் காரில். வெள்ளகோவிலில் அவளுடைய அண்ணன் வீடு. அந்த ரோட்டில் போகவர ஓட்டித் தேய்ந்த கார் எங்களுடையது. கல்யாணமான புதிதில் பஸ்ஸில் போகும்போது, ஏறியதும் தொடங்கினால் இறங்கும்வரை பேசுவாள். இப்போது எப்போதாவது ஒரு வார்த்தை.

"என்ன?" என்பேன்.

"ஒண்ணுமில்லீங்க" என்பாள்.

வயதானால் எல்லோரும் அப்படித்தான் அடங்கிவிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, ஜன்னலை இறக்கிவிட்டு, காற்று வாங்கியபடி ஓட்டுவேன். ஏசி போட்டால் மைலேஜ் குறையும் என்பது என் கொள்கை.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. உறவுக்காரர்கள் நடுவில் நான் பெயர் பெற்ற கோமாளி. விசேஷ வீட்டில் யாராவது ஒரு வேலை சொன்னால், கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு "ஏனுங்க? என்னுங்க? கேக்கலீங்க!" என்று செவிடனாக நடிப்பேன். சிரித்துவிட்டு வேறு ஆளை அனுப்புவார்கள். அதனால், உண்மையாகவே எனக்குக் கேட்காமல் போனபோது யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. நடிப்பு கைதேர்ந்துவிட்டது என்றுதான் நினைத்தார்கள். வீட்டில் மனைவியும் அப்படித்தான் நினைத்தாள்.

டவுன்ஹால் பக்கம் ஒரு கடை. கடைக்காரரை நான் பாய் என்று கூப்பிடுவேன், அவர் என்னை அண்ணா என்பார், இத்தனைக்கும் அவர்தான் மூத்தவர். ரேஷன் கடை வேலையை முடித்துக்கொண்டு மனைவியும் கூட வந்திருந்தாள். பாய் ஒரு பெட்டியைப் பிரித்துக் கடைக் கம்ப்யூட்டரில் மாட்டி, தன் ஹெட்போனை என்னிடம் கொடுத்தார்.

"கேட்டுப் பாருங்கண்ணா. தேனாட்டம் இருக்கும்."

"நல்லாத்தான் இருக்குது பாய். ஆனா இடது பக்கம் அமுங்கி வருதுங்களே."

"என்னண்ணா சொல்றீங்க! இப்பத்தான உங்க முன்னால பிரிச்சேன்." இன்னொன்றை மாட்டினார்.

அதிலும் அதேதான். அதைவிட ஒசத்தியான ஒன்றை மாட்டினார். வௌவால் பெட்டி. அதிலும் அதே.

"எல்லாப் பொட்டிக்கும் ஒரே நோவாண்ணா?" என்று பாய் சிரித்தார். நானும் சிரித்தேன். "உங்க கடைக்கே வாஸ்து சரியில்லை பாய்" என்றேன்.

அதுவரை ஸ்டூலில் உட்கார்ந்து பையைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி எழுந்து வந்தாள். "கொடுங்க, நாங் கேக்கறேன்."

தலையில் வைத்திருந்த பூ நசுங்காமல் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். பாய் அதே பாட்டைப் போட்டார். கொஞ்ச நேரம் கேட்டாள்.

"ரெண்டு பக்கமும் ஒண்ணாட்டத்தானுங்க கேக்குது."

"நல்லாக் கேளு அம்மணி."

"கேட்டுப்போட்டுத்தான் சொல்றேன். நீங்க சொல்ற பக்கந்தான் சத்தம் எச்சாவே கேக்குது. ஜிங் ஜிங்னு ஜால்ரா அடிக்கறான் பாருங்க."

"ஜால்ராவா?"

நான் கேட்டதில் ஜால்ராவே இல்லை. அவசரமாக வாங்கி மாட்டிக்கொண்டேன். அவசரத்தில் பக்கம் மாற்றி மாட்டிவிட்டேன். இடது காதருகே தொங்க வேண்டிய வயர் வலது தோளில் கிடந்தது. ஜால்ரா அடித்தது. வலது காதில், துல்லியமாக, ஜிங் ஜிங் என்று. இடது காதில், சற்றுமுன் கணீரென்று கேட்ட அதே வீணை கம்பளிக்குள் போய்ச் சுருண்டுகொண்டது.

சாமானை இடம் மாற்றிப் பார்த்தாயிற்று. கோளாறு நகரவில்லை.

"என்னண்ணா, சரியாயிருச்சா?"

"பொட்டி நல்லாத்தான் இருக்குது பாய். பொறவு வாரேன்."

அந்த இடத்தில் ஒரு ஜோக் அடித்திருக்க வேண்டும். எனக்கு ஒன்றும் வரவில்லை. ஜோக் வராததைத்தான் மனைவி முதலில் கவனித்தாள் என்று பிற்பாடு சொன்னாள்.

காரில் ஏறினோம். சிங்காநல்லூர் சிக்னலில் நிற்கும்போது அவள் என் தோளைத் தொட்டாள். ஏதோ கேட்டிருக்கிறாள், எனக்குக் கேட்கவில்லை. முகத்தைத் திருப்பினேன்.

"எந்தக் காதுங்க?"

அவள் பக்கம் இருந்த காதைத் தொட்டுக் காட்டினேன். கார் ஓட்டுகிறவனுக்கு மனைவி உட்காருகிற பக்கம் அது ஒன்றுதான். வலது பக்கம் ஜன்னல் திறந்திருந்தது, ஒரு டிப்பர் லாரி என் நல்ல காதுக்குள் உறுமிக்கொண்டிருந்தது. இத்தனை காலம் நல்ல காதை லாரிகளுக்குக் கொடுத்துவிட்டு, போன காதை அவளுக்குக் கொடுத்திருக்கிறேன்.

"எத்தன நாளா?"

"தெரியலை அம்மணி. ஒரு நாள்ல போன மாதிரி இல்ல."

"நீங்க நடிக்கறீங்கன்னுல்ல நானு..." என்றாள். பச்சை விழுந்தது. பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தான். அது நன்றாகவே கேட்டது.

காது டாக்டர் என்னை ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார். வலது காதுக்குச் சத்தம் வந்தபோது சுறுசுறுப்பான மாணவன் மாதிரி அமுக்கினேன். இடது காதுக்கு வந்தபோது சும்மா உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் மனைவி நின்றிருந்தாள். அமுக்குங்க, அமுக்குங்க என்பது மாதிரி அவள் கட்டைவிரல் தானாக அசைந்தது. எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஒரு தடவை அவளைப் பார்த்தே பொய்யாக அமுக்கினேன். அப்போது சத்தமே கொடுக்கவில்லை என்று மிஷினருகே இருந்த நர்ஸம்மா பிறகு சொன்னார்.

சோதனைத் தாளில் டாக்டர் காட்டிய கோடு ஒரு இடம் வரைக்கும் நேராகப் போய், அங்கிருந்து கிணற்றுக்குள் இறங்கியது. ஜால்ரா, கொலுசு, குக்கர் விசில், பொம்பளைக் குரலில் பாதி எல்லாம் அந்தக் கிணற்றுக்குள்தான் இருந்தன. ஸ்கேனும் எடுத்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை, நரம்புதான் தளர்ந்திருக்கிறது, மில் சத்தத்தாலா வேறு எதனாலாவதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

"மிஷின் வெச்சாச் சரியாயிருங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"கொஞ்சம் உதவும்ங்க. போனது திரும்பாது. மிச்சத்தைப் பத்திரமாப் பார்த்துக்கோணும்."

வௌவால் பெட்டியை நினைத்துக்கொண்டேன். இதையும் சிரிக்கத்தான் நினைத்தேன். அன்று சாயங்காலம் ஸ்பீக்கரைப் போடவில்லை. மறுநாளும் போடவில்லை. அதன்மேல் தூசி படிந்தபோது மனைவிதான் துடைத்தாள்.

"அந்தப் பொட்டி வாங்கலீங்களா?"

"எதுக்கு? எனக்குப் பாதிப் பாட்டுத்தான் கேக்கும்."

"மீதியை நல்ல காதுக்குத் தள்ளிவிடறாப்புல ஒண்ணு இருக்காதுங்களா? பாய்கிட்டக் கேட்டுத்தான் பாருங்களே."

இருந்தது. மோனோ என்று ஒரு பொத்தான். அமுக்கினால் இடது பாட்டும் வலது பாட்டும் ஒன்றாகக் கலந்து இரண்டு பக்கமும் வரும். வீடியோக்களில் எல்லோரும் அதை ஒரு வரியில் தாண்டிப் போயிருந்தார்கள். நானும் தாண்டியிருந்தேன். பாய் ஒளிக்காமல் சொன்னார்: "இது கம்ப்யூட்டர் செட்டிங்லயே வருதுண்ணா. இதுக்குன்னு பொட்டி வேணும்னு இல்ல."

"பொத்தான்தான் வேணும் பாய். நாங் கேக்கறப்ப அமுக்குவேன். அவ கேக்கறப்ப எடுத்துவிடுவேன். அவளுக்கு ரெண்டு பக்கமும் கேக்குதே."

பாய் பெட்டியைத் துணியால் துடைத்துக் கொடுத்தார். வௌவால் பெட்டியைவிட எளிய பெட்டி. வீட்டில் மாட்டி, பொத்தானை அமுக்கினேன். ஜால்ரா வந்தது. பாட்டு முன்போல அகலமாக இல்லை, எல்லோரும் ஒரே பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருந்தது. ஆனால் ஒருவரும் விட்டுப்போகவில்லை.

அதற்கடுத்து வந்த வெள்ளகோவில் பயணம், மச்சான் பேரனுக்குக் காதுகுத்து. "ஆசாரியை எங் காதையும் ஒருக்காப் பார்க்கச் சொல்லலாம்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. காரின் பின்கதவைத் திறந்தாள்.

"நான் பின்னால, உங்க வலது பக்கமா உக்காந்துக்கறனுங்க."

"அப்பறம் என்னை உன்ற டிரைவர்னு நெனைப்பாங்க."

"இப்ப மட்டும் என்னவாம்?" என்றாள். ஆனாலும் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

நான் என் பக்கத்துக் கண்ணாடியை மேலே ஏற்றினேன். லாரிகள் வெளியே போய்விட்டன.

"ஏனுங்க, ஏசி போட்டா மைலேஜ் போயிருமே?"

"போகட்டும். நீ பேசு."

"திடுதிப்புனு பேசுன்னா என்னத்தப் பேசறது?"

"முன்னால இந்த ரோட்டுல என்னென்ன சொன்னே? அதைச் சொல்லு."

யோசித்தாள். "நெனப்பில்லீங்க. அப்பப்பத் தோணறதுதான. சொன்னா உண்டு, இல்லாட்டிப் போச்சு."

பல்லடம் வந்தது, போனது. ஏசி மட்டும் ஓடியது. காங்கேயம் தாண்டி ஒரு கரும்புச்சாறு வண்டி அருகே எதையோ பார்த்து அவள் ஒரு வார்த்தை சொன்னாள். அதற்குள் எதிரே வந்த பஸ் ஹாரன் அடித்து அதை அமுக்கிவிட்டது.

"என்ன?" என்றேன்.

அவள் வாய் அந்தப் பழைய "ஒண்ணுமில்லீங்க"வுக்குத் தயாரானதைப் பார்த்தேன். பிறகு, என் பக்கமாகச் சாய்ந்து, சொன்னதையே திரும்பவும் சொன்னாள்.