ஆலாவுக்கு என் குடையே சாட்சி

"கடலே இல்லாத நம்ம நல்லேப்பிள்ளிக்குக் கடற்பறவை வருமாடி?" என்று நேற்று சிரித்த வகுப்புத் தோழிகளுக்காகவே இதைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டுகிறேன்.

வரும். வந்திருக்கிறது.

இன்று பள்ளிக்கு வரும் முன் மாமாவின் பரிசலில், பக்கத்து அணையின் நீருக்கு நடுவே ஆளில்லாத மணல் திட்டருகே போனேன். கடற்பறவைக் குடும்பத்து ஆலாக்கள் அங்கே இருந்தன. மஞ்சள் அலகு, கறுப்புத் தொப்பி, பிளந்த வால். புத்தகத்துப் படமேதான்.

மணலில் முட்டைகள் கிடந்தன. மாமா துடுப்பை நிறுத்தினார்.

"ரண்டு முட்டைய எடுத்துக்க புள்ள. காட்டுனா அவளுக வாயடச்சுப் போயிருவாளுக."

எனக்கும் ஆசைதான்.

"வேண்டாமுங்க மாமா. நாம எறங்குனா தாய் எந்திரிச்சுப் பறந்துருமுங்க. வெயிலேறுனா முட்டை வெந்துரும்."

"அப்ப எதைக் காட்டி நம்ப வெப்ப?"

பதில் சொல்வதற்குள் ஓர் ஆலா எங்கள் தலையை நோக்கிப் பாய்ந்தது. குடையை விரித்தேன். மேலே பொத்தென்று வெள்ளையாக எச்சம் விழுந்தது. மாமா சிரித்த சிரிப்பில் பரிசலே ஒரு சுற்றுச் சுற்றியது.

குடை கடைசி பெஞ்சுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது. இன்னும் கழுவவில்லை. இடைவேளையில் வந்து பார்க்கலாம்.

"இது காக்காய் எச்சம்" என்பவர்கள் காரணத்தைக் கீழே எழுதிக் கையெழுத்திடவும். நாளை பரிசலில் அவர்களுக்கும் இடம் உண்டு, குடை கிடையாது.