வலிப்பு மாத்திரை தந்த டாக்டரம்மா

வாரம் ஒருமுறை கொல்லிமலைக்கு வரும் மனநல டாக்டரம்மாவுக்கு ரோட்டு வளைவுகளில் குமட்டும். அதனால் எங்களிடம் பேசும்போதும் ஓர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே இருப்பார். கண்ணுக்குக் கீழே கருத்துப் போயிருக்கும்.

மிளகு பழுத்து உதிர்ந்தும் பறிக்க மனமில்லாமல் நான் படுத்தே கிடந்த காலம் அது. அவர் எழுதித் தந்தது வலிப்பு மாத்திரை என்று மருந்துக்கடையில் சொன்னார்கள். என் மனைவி பயந்துபோய் என் அரைஞாணில் இரும்புச் சாவியைக் கட்டிவிட்டாள். நான் மாத்திரையைத் தொடவே இல்லை.

மறுவாரம், சட்டைக்குக் கீழே தொங்கிய சாவியை டாக்டர் பார்த்துவிட்டார்.

"ஏனுங்கண்ணா, ஊட்டை யாராச்சும் தூக்கிட்டுப் போயிருவாங்களா?"

"வலிப்பு வந்தா கையில புடிக்கறதுக்குங்க. ஆனா எனக்கு வலிப்பே இல்லீங்களே!"

பழத்தைக் கீழே வைத்தார்.

"அது வலிப்பு மாத்திரைதானுங்க. சில பேருக்கு மனச்சோர்வையும் கொறைக்குது. மூளையில டோபமைன்னு ஒண்ணு இருக்குது. எந்திரிக்கோணும், வேலை செய்யோணும்ங்கற ஆசைக்கு அது வேணும். இந்த மாத்திரை அதைக் கொஞ்சம் கூட்டும்னு நெனைக்கறாங்க."

"உறுதிங்களா?"

"இல்லீங்கண்ணா. எனக்கும் முழுசாத் தெரியாது. போட்டுப் பாக்கலாம்."

பூசாரியும் உறவினர்களும் நிச்சயம் சரியாகிவிடும் என்றார்கள். அவர்களில் ஒருவரையும் நான் நம்பவில்லை. தெரியாது என்று சொன்னவரை நம்பித்தான் அன்று மாத்திரையை விழுங்கினேன். ஏன் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.