மண்டியைத் தாண்டி வந்த வெற்றிலை

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் வெற்றிலை விற்றே ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன்.

மொத்தமாக இலை போடும் மண்டிக்காரர் அழுகல் இலையைத் தலையில் கட்டுகிறாரே என்று ஒருநாள் சத்தம் போட்டேன். அவர் எனக்குச் சரக்கை நிறுத்திவிட்டார்.

"வெத்தல வெளையிற சோழவந்தான் கொடிக்காலுக்கே போறேண்ணே" என்றேன்.

"போக்கா. வாடுன எலையோடதேன் வருவ."

அப்படியேதான் ஆனது. பஸ் வெக்கையில் முதல் கட்டு முழுதும் வாடிப்போனது. வழியில் ஈரம் காப்பதற்கும் சேர்த்துத்தான் அவர் விலை வைத்திருக்கிறார் என்று அன்றுதான் புரிந்தது. சரி, அந்த வேலையையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று, மறுமுறை ஈர வாழைமட்டையில் சுற்றி மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். இலை பச்சையாகவே வந்து இறங்கியது. கூடையை மண்டி வாசல் வழியாகத்தான் சுமந்து போனேன்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதிக்கொண்டிருக்கும் பேத்தியிடம் கேட்கிறேன்: "எங்க, வாசிச்சுக் காட்டுடி. மண்டி வாசல்ல போனத விட்றாத."