ரொட்டி மாவில் கண்ணாடி

கற்பிட்டியில் எங்கள் வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வந்த நாள் அது. தொலைபேசி, இன்டர்நெட், டிவி மூன்றும் ஒரே மெல்லிய இழையில் வருமாம். இணைக்க வந்த தம்பி குசினி மேசையில் வைத்து இழையை வெட்டிப் பொருத்திவிட்டுப் போனார். முடி போலக் கிடந்த துண்டுகளைக் கையால் தட்டிவிட்டு, அங்கேயே ரொட்டிக்கு மாக் குழைத்தேன். உள்ளங்கையில் சுருக்கென்று குத்தியது.

மறந்துபோன இழை வெட்டும் குறட்டை எடுக்க அவர் திரும்பி வந்தார்.

"ராத்தா, அந்த மாவத் தொடாதீங்க! அந்த இழைத் துண்டெல்லாம் கண்ணாடி!"

"யா அல்லாஹ்! புள்ளைக்கு விளையாட ஒரு உருண்டை குடுத்தேனே!"

ஓடினேன். மகள் உருண்டையை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். பறித்து எறிந்தேன். குழைத்த மாவையும் அப்படியே குப்பையில் கொட்டினேன்.

இப்போது யார் லைன் திருத்த வந்தாலும் முன்வாசலில் பேப்பர் விரித்துக் கொடுக்கிறேன். துண்டுகளை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுக்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறேன்.