முதல் மடி

அண்ணன் மகளுக்குக் காது குத்தப் பொன்னேரியில் மண்டபம் பிடித்தார்கள். மேடைக்குப் பின்னால் கட்டுகிற ஃப்ளெக்ஸில் குழந்தையின் படத்தோடு குடும்ப மரத்தையும் போட்டால் நன்றாக இருக்கும் என்றார் அண்ணி. அந்த வேலை என்னிடம் வந்தது. வரைவதுதான் என் பிழைப்பு. ஒரு ஆலைக்காகக் குழாய்ப் பாதைகளை வரைகிறேன். ஒவ்வொரு கோடும் ஒரு தொட்டியில் புறப்பட்டு இன்னொரு தொட்டியில் சேர வேண்டும். ஒரு கோடு அந்தரத்தில் நின்றாலும் படத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

குடும்ப மரத்துக்கும் அதே விதியை வைத்துக்கொண்டேன். ஆளுக்கு ஒரு கட்டம். மணமாகி வந்த பெண் என்றால் கட்டத்துக்குக் கீழே பிறந்த ஊர். அம்மாவுக்குக் கவரைப்பேட்டை. அவருடைய மாமியாருக்குப் பெரியபாளையம். அதற்கும் மேலே இருந்தவர் கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் பெண். எல்லாவற்றுக்கும் உச்சியில் நைனாவின் கொள்ளுத்தாத்தா. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அந்தக் கொள்ளுத்தாத்தா காட்டூரில் கரம்பைத் திருத்திக் கழனியாக்கியவர், ஒருவரிடமும் கை நீட்டாதவர் என்று எங்கள் வீட்டில் ஒரு பெருமை உண்டு. அவருடைய மனைவிக்கு ஊரும் இல்லை, பெயரும் இல்லை. பொங்கலுக்கு முந்தின நாள் படையலில் ஒரு புடவை வைத்து, "பெரியவங்களே, ஏத்துக்குங்க" என்று சொல்வோம். அவ்வளவுதான் அவர்.

நைனா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டேன்.

"நைனா, பெரியவங்க எந்த ஊரு?"

"பழைய காலம்மா. யாருக்குத் தெரியும்?"

"கும்மிடிப்பூண்டி வரைக்கும் தெரியுது. அதுக்கு மேல ஒரு படிதானே?"

"ஒரு கட்டம் காலியா இருந்தா மண்டபத்துல சோறு போட மாட்டோம்னு சொல்லுவாங்களா?" என்றவர், தட்டில் இருந்த சோற்றை முடிக்காமலே கையைக் கழுவிவிட்டார். நைனா சோற்றை மிச்சம் வைப்பவர் இல்லை.

அம்மாவிடம் போனேன். "எனக்கு இன்னா தெரியும்? நான் கவரைப்பேட்டை," என்றார். கரண்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "ஆனா ஒண்ணு. எந்தப் பொண்ணும் வானத்துல இருந்து குதிக்க மாட்டா. அவளுக்கும் ஒரு பொறந்த வூடு இருந்திருக்கும். அண்ணனோ தம்பியோ இருந்திருப்பான்," என்றார்.

அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் பக்கம் தாய்மாமன் மடி இல்லாமல் ஒரு குழந்தைக்கும் காது குத்துவதில்லை. அப்படியானால் பெரியவங்களின் பிள்ளைக்கும் ஒரு மாமன் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். படத்தின் ஓரத்தில் புதிதாக ஒரு வரிசை போட்டு, யார் யார் எவர் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். அண்ணனுக்குக் கவரைப்பேட்டை மாமா. எனக்கும் அவரே. சித்தப்பாவின் மூத்த மகளுக்கு அவளுடைய மாமா. அந்த இடத்தில் கை நின்றது.

அவளுக்குக் காது குத்தியபோது எனக்கு ஏழெட்டு வயது. குழந்தையை முதலில் உள்ளே கொண்டுபோகவில்லை. வாசலைத் தாண்டி, வைக்கோல் போரின் பக்கத்தில் ஒரு சாக்கை விரித்து அதில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கடலோடு சேர்ந்த எங்கள் பக்கத்து உப்பு ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர். எங்கள் வீட்டில் அவரை இறால்காரர் என்போம். நைனா குழந்தையை வாங்கிக்கொண்டுபோய் அவர் மடியில் வைத்தார். அவர் குழந்தையின் தலையைத் தடவி, பனையோலையில் முடைந்த ஒரு சிறு கூடையை அதன் கையில் தொடவைத்துக் கொடுத்தார். கூடையில் காய்ந்த இறாலும் மஞ்சளும் ஒரு சின்னச் சட்டையும் இருந்தன. அதன் பிறகுதான் குழந்தை உள்ளே போய் உண்மையான மாமன் மடியில் உட்கார்ந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "கண்ணு படாம இருக்க," என்றார்கள். தலைப்பிள்ளைகளுக்கு மட்டும்தான் அப்படி. அண்ணனுக்கும் நடந்ததாம், நைனாவுக்கும் நடந்ததாம், அப்போது இவருடைய அப்பா வந்தாராம்.

யோசிக்க யோசிக்க இன்னும் சில விஷயங்கள் வரிசைக்கு வந்தன. நைனா பந்தியில் யாருக்கும் பரிமாற மாட்டார். இறால்காரருக்கு மட்டும் குனிந்து பரிமாறுவார். அவர் கொண்டுவரும் இறாலுக்கு நாங்கள் விலை கேட்டதில்லை. எல்லாவற்றையும்விட, அவர் நைனாவைக் கேலி செய்வார். "இன்னா காட்டூராரே, நெல்லு மூட்டைய வயித்துக்குள்ளயே அடுக்கி வெச்சிருக்கியா?" என்று பத்துப் பேர் நடுவில் கேட்பார். வேறு யாராவது கேட்டிருந்தால் அன்று எங்கள் வாசலில் கைகலப்பு. நைனாவோ தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார். அப்படிக் கேலி செய்கிற உரிமை எங்கள் பக்கம் மாமன் மச்சான் முறைக்கு மட்டும்தான் உண்டு.

ஒரு பக்கம் ஆள் இல்லாத கட்டம். மறுபக்கம் கட்டம் இல்லாத ஆள்.

அம்மாவிடம் அழைப்புப் பட்டியலை வாங்கிப் பார்த்தேன். இறால்காரர் அதில் இல்லை. "மண்டபமாச்சே," என்றார் அம்மா, என் முகத்தைப் பார்க்காமல். "வைக்கப்போருக்கு எங்க போறது? உங்க அண்ணி வூட்டாளுங்க வேற வராங்க. அப்புறமா ஒரு நாள் வூட்டுக்குக் கூப்ட்டுக்கலாம்னு நைனா சொல்லிட்டாரு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். கோட்டைக்குப்பத்துக்கு இந்தப் பக்கம், ஏரிக்கரையை ஒட்டிக் கொஞ்சம் வீடுகள். இறால்காரரின் வீட்டு முற்றத்தில் அவருடைய மனைவி ஈர இறாலைப் பெரிது சிறிது பிரித்துக்கொண்டிருந்தார். அவர் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். இன்னார் மகள் என்று சொன்னதும் எழுந்துவிட்டார்.

"இன்னா கண்ணு, நைனாவுக்கு உடம்புக்கு எதுனா?"

"அதெல்லாம் இல்லை. ஒண்ணு கேக்கணும். எங்க பெரியவங்க உங்க வீட்டுப் பொண்ணா?"

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி இறாலிலிருந்து கையை எடுக்காமல், "கேக்க இவ்ளோ நாளாச்சா?" என்றார்.

இறால்காரர் உட்கார்ந்தார். "மழை பொய்ச்ச வருசம், உங்க ஆளு கரம்ப அப்பிடியே போட்டுட்டு இங்க வந்து எங்க குடிசைலதான் சோறு துன்னாராம். எறா தடவக் கூட்டினு போனாங்களாம். அவருக்குக் கை வரல. நண்டு புடிச்சி, அது இவரப் புடிச்சி, ஏரி முச்சூடும் கேக்குற மாதிரி கத்துனாராம். எங்க பொண்ணுதான் போய் எடுத்து வுட்டுதாம். அதோட ஒட்டிக்கிச்சி."

"கை நீட்டாத மனுஷன்னு எங்க வீட்டுல சொல்லுவாங்க."

"நண்டு கடிச்ச கைய எப்பிடி நீட்டுவாரு?" என்றார் அவர் மனைவி. மூன்று பேரும் சிரித்தோம். கரம்பை வெட்டியவரை முறுக்கிய மீசையோடுதான் மனதில் வைத்திருந்தேன். அவர் முழங்கால் தண்ணீரில் விரலை உதறிக்கொண்டு நின்றதை நினைத்ததும், முதல்முறையாக அவர் எனக்குச் சொந்தக்காரர் ஆனார்.

"அவங்க பேரு தெரியுமா?" என்று கேட்டேன்.

அவர் மனைவி வீட்டுப் பக்கம் திரும்பி ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். என் வயதுப் பெண் ஒருத்தி கையில் செல்போன் சார்ஜரோடு வெளியே வந்து, "இன்னாமா, சும்மா சும்மா கூவினே இருக்க?" என்றாள்.

"அதான் பேரு," என்றார் இறால்காரர். "எங்க வூட்டுல ஒருத்திக்காவது அந்தப் பேரு இருக்கணும்னு வெச்சினு வரோம்."

எங்கள் வீட்டில் படையலுக்குக்கூட இல்லாத பெயர், இங்கே வாசலில் சார்ஜரோடு நின்று அம்மாவிடம் சண்டை போட்டது. நான் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்போல. "இன்னாக்கா?" என்றாள். "ஒண்ணும் இல்லை," என்றேன்.

புறப்படும்போதுதான் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் ஆணியில் பச்சையோலைக் கூடை ஒன்று தொங்கியது. உள்ளே மடித்து வைத்த மஞ்சள் நிறச் சட்டை.

"மார்க்கெட்டுல சொன்னாங்க, காட்டூராருக்குப் பேத்திக்குக் காதுகுத்துனு," என்றார் இறால்காரர். "சொல்லி அனுப்பல. பரவால்ல. மண்டபமாமே? அங்க வைக்கப்போரு இருக்காதே, எங்க ஒக்காரதுனு யோசிச்சினு இருந்தேன்."

"வாசல்ல செருப்புக்குக் காவலா ஒக்காரு," என்றார் அவர் மனைவி. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. "தலப்புள்ளைக்கு மொத மடி எங்க வூட்டுது கண்ணு. எங்க மாமனாரு ஒக்காந்தாரு, இவரு ஒக்காந்தாரு. வெளிய ஒக்காந்தாலும் ஒக்காந்தோம். இந்தப் புள்ளையோட அது அறுந்துதுனா, அப்புறம் யாரு வந்து கட்டுறது?"

அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் காட்டூரில் இருந்தார்.

அன்று மாலை படத்தைத் தாளில் எடுத்து நைனாவின் முன்னால் விரித்தேன். உச்சிக் கட்டம் அப்போதும் காலியாகத்தான் இருந்தது. "நாளைக்கு ஃப்ளெக்ஸ் கடைக்குக் குடுக்கணும். இதுல இன்னா போடட்டும்? நான் ஏரிக்கரைக்குப் போயிட்டு வந்தேன்."

நைனா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். எங்கே தொடங்கி எங்கே வருகிறது என்று ஒவ்வொரு கோட்டின் மேலும் விரலை ஓட்டினார்.

"நண்டு கதை சொன்னானா?"

"சொன்னாரு."

"கூட ரெண்டு போட்டுத்தான் சொல்லியிருப்பான்." மெதுவாகச் சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. "தெரியாம இல்லம்மா. என் கல்யாணத்தப்போ எங்க அப்பா தனியா கூப்ட்டு சொன்னாரு. வெளிய சொல்லாத, ஆனா வுட்டுடாதனும் சொன்னாரு. நானும் ரெண்டையும் செஞ்சினு வந்தேன். இப்ப மண்டபத்துல எப்பிடிச் செய்யறது? மேடைல கேமராக்காரன் நிப்பான். யாரு இவருனு உங்க அண்ணி வூட்டாளுங்க கேட்டா?"

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "மாமன்னு சொல்லுங்க. எங்க அண்ணன் வரலைனா உங்க புள்ளைங்களுக்குக் காது குத்தியிருப்பீங்களா? அவரை வைக்கப்போர்லயா ஒக்கார வெச்சீங்க?"

நைனா தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். காலையில் நான் எழுந்து வந்தபோது வெள்ளை வேட்டியில் நின்றிருந்தார். அம்மா தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பூ, பழம், பத்திரிகை எல்லாம் அடுக்கிக்கொண்டிருந்தார். தாய்மாமன் வீட்டுக்கு அழைப்பு அப்படித்தான் போக வேண்டும். யாரிடமாவது சொல்லி அனுப்புகிற அழைப்பு இல்லை அது.

வண்டியை நான் ஓட்டினேன். நைனா பின்னால் உட்கார்ந்து தாம்பாளத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு வந்தார். இறால்காரர் வீட்டில் இல்லை. தண்ணீர் இறங்குகிற நேரம், தொழிலுக்குப் போய்விட்டார் என்று அவர் மனைவி கரையைக் காட்டினார். கொஞ்ச தூரத்தில் முட்டி அளவு தண்ணீரில் அவர் குனிந்து தடவிக்கொண்டிருந்தார். இறால் போடுகிற பறியின் கயிற்றைப் பல்லில் கடித்திருந்தார். இரண்டு கையும் தண்ணீருக்குள் வேலை செய்ய வேண்டும் என்பதால் அவர்கள் பறியை அப்படித்தான் வைத்துக்கொள்வார்கள்.

"காத்துனு இருப்போம், வந்துடுவாரு," என்றேன்.

நைனா செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்ட முடியாது, கையில் தாம்பாளம். அப்படியே ஏரியில் இறங்கி நடந்தார். வேட்டி முதலில் மிதந்து, பிறகு காலோடு ஒட்டிக்கொண்டது. நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு கரையிலேயே நின்றேன். இறால்காரரின் மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். காலை நேரத்து ஏரியில் பேச்சு அப்படியே கரைக்குக் கேட்கும்.

இறால்காரர் நிமிர்ந்து பார்த்தார். நைனா தாம்பாளத்தை நீட்டினார். "பேத்திக்குக் காதுகுத்து. நீங்கதான் வந்து..." அதற்குமேல் வரவில்லை. இறால்காரரால் பதில் சொல்லவும் முடியாது, வாயில் கயிறு. கயிற்றைக் கையில் எடுத்தால் மிச்சம் ஒரு கைதான், தாம்பாளத்தை ஒரு கையால் வாங்குகிற வழக்கம் கிடையாது. பறியை நிறுத்தி வைக்க அங்கே இடம் இல்லை. தண்ணீரில் விட்டால் காலையிலிருந்து பிடித்ததெல்லாம் போய்விடும். ஒரு நிமிடம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு இறால்காரர் கயிற்றை வாயிலிருந்து எடுத்து நைனாவின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"கடிச்சிக்க. பல்லு இருக்குதில்ல?"

நைனா குனிந்து அந்தக் கயிற்றைக் கடித்துக்கொண்டார். பறி அவர் மார்பின் மேல் தொங்கி ஆடியது. உள்ளே இறால் துள்ளுவது சட்டையில் ஈரமாகத் தெரிந்தது. இறால்காரர் கையைத் தண்ணீரில் அலசி, இரண்டு கைகளாலும் தாம்பாளத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உடனே பறியைத் திரும்ப வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை.

"இன்னா மச்சான்," என்றார் சத்தமாக. அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல்முறை. "மண்டபத்துல எங்க ஒக்காரது? வாசல்லயா?"

நைனா இல்லை என்று தலையாட்டினார்.

"மேடைலயா?"

ஆமாம் என்று தலை ஆடியது. பறியும் கூடவே ஆடியது.

"எல்லாருக்கும் முன்னாடியா? கேமராக்காரன் எதுருலயா? மொத மடி எங்க வூட்டுதா?"

ஒவ்வொன்றுக்கும் நைனா தலையாட்டிக்கொண்டே இருந்தார். என் பக்கத்தில் நின்ற அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போதும் வுடுய்யா, வேட்டி நனையுது அவருக்கு!" என்று கரையிலிருந்து கத்தினார்.

திரும்பும்போது நைனா வண்டியில் ஏறுவதற்கு முன் இரண்டு முறை துப்பினார். "இன்னா உப்பு," என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். மடித்த ஓரமெல்லாம் நனைந்திருந்தது. பிரித்துப் பார்க்காமலே என் கையில் கொடுத்து, "பெரியவங்க பேரு கேட்டியா? சொன்னாங்களா?" என்றார்.

சொன்னேன். வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தார்.