அப்பாவின் சர்க்கரைப் பரீட்சை

எங்கள் வீட்டில் பரீட்சை எழுதியவர்கள் இரண்டு பேர். ஒருத்தி நான், நான்காம் வகுப்பு. இன்னொருவர் அப்பா. எனக்கு வருடத்துக்கு மூன்று பரீட்சை, அவருக்கு ஒன்றே ஒன்று. ஆனால் வீடு நடுங்கியது என்னவோ அவருடைய பரீட்சைக்குத்தான்.

அப்பா மில் தொழிலாளி. மில்லை மூடிய பிறகு கொஞ்ச காலம் வேலை இல்லாமல் வீட்டில் இருந்தார். அந்தக் கொஞ்ச காலத்தைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். அப்புறம் ஊருக்கு வெளியே தொழிற்பேட்டையில், ஒரு பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை கிடைத்தது. உடைந்த பிஸ்கட்டைத் தொழிலாளிகளுக்கு மலிவாகக் கொடுப்பார்கள். சர்க்கரை வியாதிக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை தேடினாலும் கிடைத்திருக்காது. அங்கே வருடத்துக்கு ஒரு தடவை எல்லாருக்கும் ரத்தம் எடுத்து, சரியாக இருந்தால் 'ஃபிட்' என்று தாளில் எழுதித் தருவார்கள். சரியாக இல்லாவிட்டால் என்ன செய்வார்கள் என்று யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அப்பா தானாகவே முடிவு செய்துகொண்டார்.

இந்தப் பரீட்சைக்கு டியூஷன் எடுத்தவர் பெரியப்பா. அவரும் அதே மில், அதே சர்க்கரை. வேலை செய்த காலத்திலேயே மில் டாக்டருக்குத் தண்ணி காட்டியவர் என்று பெயர். அவருடைய பாடம் மூன்று நாள் பத்தியம். காலையில் பாகற்காய்ச் சாறு, ஊறிய வெந்தயம். மதியம் கொஞ்சம் கேழ்வரகுக் களி. ராத்திரிக்கு வெறும் மோர். இரண்டு வேளையும் கடற்கரைச் சாலையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடை. நான்காம் நாள் காலை வெறும் வயிற்றோடு போய்க் கையை நீட்டினால் நம்பர் அடக்க ஒடுக்கமாக வந்து நிற்கும்.

அன்று சாயங்காலம் பாஸானதற்காக அரைக் கிலோ ஜிலேபி வரும். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். மறுநாளிலிருந்து அடுத்த பரீட்சை வரை டீயில் தோய்த்த உடைந்த பிஸ்கட். இதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை. நானும் பரீட்சைக்கு முந்தின நாள்தான் புத்தகத்தைத் திறப்பேன்.

அந்த வருடம் பத்திய நாட்களின் மாலை நடைக்கு நானும் கூடப் போனேன். முதல் நாள் அப்பாவின் இடது கால் செருப்பு பாதி வழியில் கழன்றுவிட்டது. அவர் பாட்டுக்கு நடந்துகொண்டே இருந்தார். நான் எடுத்துக்கொண்டு ஓடி, "அப்பா, செருப்பு!" என்றேன். அவர் குனிந்து காலைப் பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. சிரித்தார், நானும் சிரித்தேன். மூன்று நாளும் இதே கதை. மூன்றாம் நாள் கழலட்டும் என்று காத்திருந்தே பின்னால் நடந்தேன். அப்பா பாஸாகி ஜிலேபி வந்த அன்று இதை ஒரு வேடிக்கையாக அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. கையிலிருந்த ஜிலேபியை அப்படியே தட்டில் வைத்துவிட்டாள்.

கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவது என்று அம்மா சொன்னதும் அப்பா மறுபடியும் பாகற்காய் வாங்கி வந்தார். மூன்று நாள் கழித்து இரண்டு பேரும் போய், அப்பா ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த வாரம் ரிப்போர்ட் வாங்கப் போனபோது எனக்குப் பள்ளி விடுமுறை, என்னையும் அழைத்துப் போனார்கள். டாக்டர் ஒரு பெண்மணி. சீட்டைப் பார்த்தவர், வெறும் வயிற்றில் எடுத்தது நூற்றுப் பத்து, ரொம்ப நல்லாயிருக்கு என்றார். அப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். ஆனால் மூன்று மாதக் கணக்கு ஒன்பதரை, அது ஏழுக்குள் இருக்க வேண்டும் என்றார் அடுத்து.

ஒரே நாள், ஒரே கை, ஒரே ஊசி. அதில் எப்படி இரண்டு விதமாக வரும் என்று அப்பா சண்டைக்குப் போனார். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். முதல் சோதனை, அந்தக் காலையில் ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்பதை மட்டும் சொல்லும். நேற்றைய கதை அதற்குத் தெரியாது. இரண்டாவது அப்படி இல்லை. ரத்தத்தில் ஓடும் சர்க்கரை சிவப்பு அணுக்களில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் அந்த அணு சாகும் வரை விடாது. ஒரு அணுவுக்கு ஆயுள் மூன்று நான்கு மாதம். அதனால் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் போன இரண்டு மூன்று மாத வண்டவாளம் தெரிந்துவிடும்.

"விருந்தாளி வர்ற அன்னிக்கு வாசல நல்லா பெருக்கி வச்சிட்டீங்க. கட்டிலுக்கு அடியில மூணு மாசக் குப்ப கெடக்குதே, அத என்னா பண்றது?" என்றார்.

உடைந்த பிஸ்கட்டைப் பற்றி இந்த டாக்டரம்மாவிடம் போட்டுக் கொடுத்தது யார் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா செருப்புக் கதையையும் சொன்னாள். சொல்லிவிட்டு மருந்துக்கு வரிசையில் நிற்கப் போனாள். டாக்டர் அப்பாவைக் கட்டிலில் படுக்கச் சொல்லி, தூண்டில் நரம்பு மாதிரி ஒரு துண்டு நைலான் நரம்பை எடுத்தார். அது வளையும் வரை அப்பாவின் முழங்கைக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தி, இப்படித்தான் இருக்கும் என்று காட்டினார். இனிமேல் காலில் வைப்பேன், கண்ணை மூடிக்கொண்டு, தொடுவது தெரியும்போதெல்லாம் சொல்ல வேண்டும் என்றார். ஊசி இல்லை, ரத்தம் இல்லை. இவ்வளவு சுலபமான பரீட்சையை நான் பார்த்ததே இல்லை.

நான் அப்பாவின் தலைமாட்டில், அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நரம்பு கட்டை விரலடியில் பட்டு வளைந்தது. அப்பா பேசாமல் இருந்தார். டாக்டர் சீட்டில் ஏதோ குறித்தார். மறுபடி வைத்தார். மறுபடியும் அப்பா பேசவில்லை. முதல் பரீட்சையில் பாதி போய்விட்டது, இதிலும் கோட்டை விட்டால் கம்பெனி என்ன சொல்லும்? அடுத்த தடவை நரம்பு பாதத்தில் பட்டதும் அவர் கையை மெல்ல அமுக்கினேன்.

"தெரியுது" என்றார் அப்பா.

அடுத்ததற்கும் அமுக்கினேன். "தெரியுது." அதற்கு அடுத்ததற்கும். அப்பாவும் மகளும் சேர்ந்து வரிசையாக மூன்று மார்க் வாங்கினோம். பெரியப்பா பார்த்திருந்தால் என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்.

நான்காவது தடவை அமுக்கினேன். பதில் இல்லை. நகம் பதிய அமுக்கினேன். அப்பா கண்ணைத் திறக்காமலே தன் கையை என் கையிலிருந்து உருவிக்கொண்டார்.

"டாக்டரம்மா, மொதல்லேருந்து வைங்க. எனக்கு ஒண்ணும் தெரியல. பாப்பா கைய அமுக்குச்சி, அதுக்குத்தான் சொன்னேன்."

டாக்டர் என்னைத் திட்டவில்லை. சுவர் ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். காலில் பத்து இடம். வைக்க வைக்க "தெரியுதா?" என்று கேட்டார். எட்டு தடவை அப்பா "தெரியல" என்றார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கஷ்டப்பட்டு நான் வாங்கிக் கொடுத்த மார்க்கை யாராவது தன் கையாலேயே அழிப்பார்களா?

அப்புறம் மாத்திரை வந்தது, குதிகாலில் வார் வைத்த செருப்பு வந்தது. தினமும் காலையில் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கிற பழக்கம் வந்தது. வேலை போகவில்லை. கம்பெனியில் மாத்திரையின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு அதே 'ஃபிட்'டைப் போட்டுக் கொடுத்தார்கள். இத்தனை வருடப் பாகற்காயும் வீண். பெரியப்பா மட்டும் பத்தியத்தை விடவில்லை. பிற்பாடு காலில் இரண்டு விரலை விட்டார்.

நான் அமுக்க அமுக்க அப்பாவுக்கு அந்தக் கட்டிலில் என்ன நடந்தது என்பது எனக்குப் புரிய வெகு வருடம் ஆனது. முதல் இரண்டு தடவையும் டாக்டர் இன்னும் தொடவே இல்லை என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். இப்போது தொடுகிறார், இப்போது தொடுகிறார் என்று கையைப் பிடித்துச் சொல்லிக்கொண்டே வந்தவள் நான்தான். கால் செத்துக்கொண்டிருப்பதை அவருக்கு முதலில் சொன்னது டாக்டர் அல்ல.

அன்றைக்கு இதெல்லாம் எங்கே தெரிந்தது? திரும்பி வரும்போது பஸ்ஸில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, மெல்ல அமுக்கினார்.

"தெரியுதா?"

"தெரியல" என்றேன்.

அப்பா சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் இன்னும் கோபமாகத்தான் இருந்தேன். ஆனால் வீட்டுக்குப் போய்ச் சேரும் வரை அவர் என் கையை விடவில்லை.