மகளுக்கு நான் போட்ட கட்டு

என் மகளுக்கு ஒரு வேளை சோறு ஊட்டுவது, கப்பலில் எட்டு மணி நேரம் வேலை பார்ப்பதைவிடக் கஷ்டம். சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்கள் ஒரு வேளை வந்து ஊட்டிப் பார்க்கட்டும். ஒரு கிண்ணம் குழைந்த சோறு உள்ளே போக ஒரு மணி நேரம் ஆகும். பாதி வாயோரம் வழியும். மீதி வயிற்றுக்குப் போகிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அதில் கொஞ்சம் நுரையீரலுக்கும் போகிறது என்று காட்டினார்.

தொண்ணூறுகளின் கடைசி அது. அவளுக்கு எட்டு வயது. மூளை வாதம், பிறக்கும்போதே வந்தது. கழுத்து நிற்காது. உடம்பு ஒரு நேரம் ஈரத்துணி போலத் தொய்யும், ஒரு நேரம் கட்டையாக விறைக்கும். பேச்சு கிடையாது. அந்த ஒரே மழைக்காலத்தில் இரண்டு முறை நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பட்ட காலிலே படும் என்பார்களே, அப்படி. இரண்டாவது முறை வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "இன்னொரு தடவை இப்படி வந்தா வாய் வழியா எதுவும் குடுக்க முடியாது. மூக்குல டியூப் போட வேண்டியதுதான்."

ஓடி ஆட முடியாத, ஒரு வார்த்தை பேச முடியாத பிள்ளைக்கு நாக்கில் படும் ருசி ஒன்றுதான் மிச்சம். அதையும் பிடுங்கிவிட்டால் என்னதான் இருக்கிறது அவளுக்கு? எப்பாடுபட்டாவது வாயால் சாப்பிட வைத்துவிட வேண்டும் என்று வெறி பிடித்தது.

அதற்கு முந்தைய வருஷம் ஏதோ ஒரு முகாமில் எங்களுக்கு ஒரு சக்கர நாற்காலி கொடுத்திருந்தார்கள். மாலை போட்டு, போட்டோ எடுத்துக் கொடுத்தார்கள். அதில் நானே தாராளமாக உட்காரலாம், அவ்வளவு பெரியது. மடக்குகிற நாற்காலி என்பதால் அடியில் பலகை கிடையாது, வெறும் ரெக்சின்தான். அது தொட்டில் மாதிரி தொங்கும். அவளை உட்கார வைத்தால் இடுப்பு பள்ளத்தில் ஒருக்களித்து இறங்கும், முதுகு வில்லாக வளையும், தலை இடது பக்கம் கவிழும். ஐந்து நிமிஷத்தில் வழுக்கிக்கொண்டு முன்னால் வந்துவிடுவாள்.

வழுக்குகிறதா? கட்டு. எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான். நான் துறைமுகத்தில் லாஷிங் கேங்கில் இருந்தேன். கப்பலின் வயிற்றுக்குள் இறங்கி, இரும்புச் சுருளும் மரப்பெட்டியும் கடலில் ஆடாதபடி கம்பியாலும் கயிற்றாலும் இழுத்துக் கட்டுவது எங்கள் வேலை. உயரமான சரக்கு என்றால் மேலே சேர்த்துக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் கவிழும். இடைவெளியில் கட்டை வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். கட்டி முடித்ததும் காலால் ஓர் உதை விட்டுப் பார்க்க வேண்டும். அசைந்தால் அவிழ்த்து மறுபடி கட்டு.

மகளையும் அப்படித்தான் கட்டினேன். அவள் அம்மாக்காரியின் பழைய நூல் புடவையை நான்காக மடித்து, அக்குள் வழியாக மார்பைச் சுற்றி, நாற்காலி முதுகோடு இழுத்து ஒரு முடிச்சு. கை குறுக்கே வந்து கிண்ணத்தைத் தட்டிவிடுகிறதே என்று இரண்டு கைகளையும் கட்டுக்கு உள்ளேயே வைத்தேன். இரண்டு பக்கமும் தலையணையைத் திணித்து முட்டு. முடித்ததும் நாற்காலியைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்குவேன். அசைய மாட்டாள். எனக்குப் பெருமைதான். எதிர் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னாபா, சாமி சிலைய லாரில ஏத்தினா மாரி கட்டிகீற" என்று கேலி செய்தார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

வேலை முடிந்து வருகிற வழியில் காசிமேட்டில் பால்சுறா வாங்கி வருவேன். உடம்பில் தெம்பு ஏறும், முள் பயமும் இல்லை. அதை உதிர்த்துப் புட்டு செய்து, சோற்றோடு பிசைந்து, நின்றபடி அவள் நெற்றியைப் பின்னால் சாய்த்து வாயில் வைப்பேன். கரண்டி உதட்டில் படும்போதே உடம்பு விறைக்கும். இடுப்பு எம்பி முன்னால் தள்ளும். புடவை மேலேறிக் கழுத்துக்கு வரும். புரையேறும், கண் சிவக்கும். நோய் விறைக்கிறது என்று நினைத்து இன்னொரு சுற்றுச் சுற்றி இன்னொரு முடிச்சுப் போடுவேன். காலையும் இரவும் என் வேளை, மதியம் மட்டும் அம்மாக்காரியின் வேளை. "என் மடில நல்லாத்தான்யா துன்னுறா" என்று அவள் சொல்லுவாள். ஆத்தாக்காரி பெருமை என்று விட்டுவிடுவேன்.

ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்து, இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கான மையத்திலிருந்து ஒரு பிசியோ மேடம் வியாசர்பாடியில் எங்கள் ஹவுசிங் போர்டு வீட்டுக்கு வந்தார். இரண்டு மாடி ஏறி வந்து மூச்சு வாங்க நின்றவர், நாற்காலியில் இருந்தவளைப் பார்த்ததும் நேரே போய் முடிச்சைத் தொட்டுப் பார்த்தார்.

"இந்தக் கட்டு யாருப்பா போட்டது?"

"நான்தான் மேடம். ஒரு இஞ்ச் நவுராது."

"அதான் பிரச்சனை. மூச்சு இழுக்க நெஞ்சு விரியணும்ல? முழுங்கும்போது கழுத்து முன்னால வரணும்ல? நீங்க ரெண்டையும் கட்டிட்டீங்க."

எனக்குக் கோபம் வந்தது. இருபது வருஷமாகக் கட்டுகிறவனுக்குக் கட்டச் சொல்லித்தர வந்துவிட்டார். "மார்பக் கட்டலைன்னா கவுந்துடுவா மேடம், அப்பறம் யாரு பதில் சொல்றது?" என்றேன்.

அவர் நாற்காலிக்குப் பின்னால் போனார். முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். என் முடிச்சு, அவ்வளவு சுலபத்தில் அவிழாது. அவிழ்த்து முடித்துவிட்டு, "குழந்தை எப்போ நல்லா சாப்பிடுவா?" என்று அம்மாக்காரியிடம் கேட்டார்.

"என் மடில மேடம். மதியானம் ரசஞ்சோறு குட்ப்பேன். பொறையேறாது."

"எப்படி வெச்சுக்குவீங்க, காட்டுங்க."

அம்மாக்காரி தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து மகளை மடியில் இறக்கினாள். இரண்டு தொடைக்கும் நடுவிலிருந்த பள்ளத்தில் பிள்ளையின் பிட்டம் சரியாகப் போய் உட்கார்ந்தது. ஒரு தொடைமேல் முழங்கால்கள் மடிந்து தொங்கின. அம்மாக்காரியின் இடது முழங்கை இடுப்பின் குறுக்கே கிடந்தது. மார்பில் ஒன்றுமே இல்லை. தலை லேசாக முன்னால் குனிந்து, ஆனாலும் நின்றது. நானும் வருஷக்கணக்காகப் பார்த்த காட்சிதான். கண்ணிருந்தும் குருடனாக இருந்திருக்கிறேன்.

"அடி நின்னா மேல தானா நிக்கும்" என்றார் மேடம். "இந்த மடியை அந்த நாற்காலியில செய்யணும்ப்பா." டேப்பை எடுத்து இடுப்பு அகலம், முதுகிலிருந்து முழங்கால் மடிப்பு வரை, முழங்காலிலிருந்து பாதம் வரை எல்லாவற்றையும் அளந்து ஒரு தாளில் படம் போட்டுக் கொடுத்தார்.

சொல்லிவிட்டுப் போவது சுலபம். டோல்கேட் பக்கத்தில் தெரிந்த வெல்டிங் கடை ஒன்று இருந்தது. நாற்காலியை மாடியிலிருந்து தூக்கி இறக்கி, வெயிலில் அதுவரை தள்ளிக்கொண்டு போனேன். நாற்காலியை இரண்டு பக்கமும் அறுத்துக் குறுக்கி ஒட்டினார் கடைக்காரர். ரெக்சினை எடுத்துவிட்டுப் பலகை போட்டோம். பலகை மேல் கெட்டி ஃபோம், பின்னால் பள்ளமாகவும் முன்னால் மேடாகவும். அப்போதுதான் வழுக்காது. காலுக்கு ஒரு பலகை, சாயாமல் பிடிக்க இரண்டு பக்கமும் மெத்தை. இடுப்புக்கு மட்டும் ஒரு பெல்ட், தொடை மடிப்பிலிருந்து சாய்வாக இறங்கிப் பலகைக்கு அடியில் போய் மாட்டுவது போல.

முதல் தடவை அரை மணி நேரம் உட்கார வைத்ததில் முதுகெலும்பின் அடியில் சிவந்துவிட்டது. மறுபடி தூக்கி இறக்கு, தள்ளு. அடுத்த தடவை பக்கவாட்டு மெத்தை அக்குளில் குத்தியது. அதற்கடுத்து கால் பலகை உயரம். மூன்றாவது முறை திருத்தப் போனபோது மணலி ஆலைக் காற்று தொண்டையைக் காந்தியது, முந்தின நாள் ஷிப்டு முடிந்து நான் தூங்கியிருக்கவும் இல்லை. கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்: "இன்னா நைனா, சேரு செய்றியா ராக்கெட்டு வுட்றியா?" எனக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. அங்கேயே ஒரு டயரின் மேல் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை நாள் இப்படித் தூக்கி இறக்குவது? பிள்ளை வளரும், நாற்காலி வளராது. மறுபடி அளவு, மறுபடி அறுப்பு. போதும்டா சாமி என்று இருந்தது. பொய் சொல்ல வேண்டுமென்றால் அலுப்பே வரவில்லை என்று எழுதலாம். அலுத்துத்தான் போனேன்.

நான்காவது முறை மேடமே வந்து உட்கார வைத்தார். இடுப்பைப் பின்னால் தள்ளிப் பள்ளத்தில் பொருத்தி பெல்ட்டைப் போட்டார். மகளின் தலை ஆடி ஆடி, மெல்ல நடுவில் வந்து நின்றது. கைகள் இரண்டும் வெளியே இருந்தன. "நின்னுகினு ஊட்டாதீங்கப்பா" என்று என் பாஷையிலேயே சொல்லிச் சிரித்தார். "முக்காலி போட்டு அவ முகத்துக்குக் கீழே உட்காருங்க. கரண்டி கீழேர்ந்து வரட்டும்."

மறுநாள் ஞாயிறு. சுறாப் புட்டோடு பிசைந்த சோற்றைக் கொண்டு வந்து முக்காலியில் உட்கார்ந்தேன். முதன்முதலாக மகளும் நானும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கரண்டியை நீட்டினேன். வழக்கம்போல விறைக்கப் பார்த்தாள். பெல்ட் பிடித்துக்கொண்டது, இடுப்பு எழும்பவில்லை. வாயை இறுக்கி மூடினாள். தலையை வலது பக்கம் திருப்பினாள். கோணலாக, நடுங்கி நடுங்கி, வலது கை மேலே வந்தது. வந்து கரண்டியை என் பக்கம் தள்ளியது.

ஏதோ உடம்பு உதறுகிறது என்று நினைத்து மறுபடி நீட்டினேன். மறுபடி தள்ளினாள். இந்தத் தடவை என் கண்ணைப் பார்த்துக்கொண்டே தள்ளினாள்.

"அவுளுக்கு மீனு புடிக்காதுயா" என்றாள் பின்னால் நின்ற அம்மாக்காரி. "நான் குட்த்தாலும் மூஞ்சத் திருப்பிக்கும்."

"தெரிஞ்சிகினே ஏன்மே சொல்லல?"

"சொன்னேன். ரெண்டு வாட்டி சொன்னேன். அதுக்கு இன்னா தெரியும்னு நீதான் கேட்ட."

கேட்டிருக்கிறேன். அம்மாக்காரி ஒரு கிண்ணத்தில் தயிர்சோறு பிசைந்து என் கையில் கொடுத்தாள். நீட்டினேன். மகள் வாயைத் திறந்தாள். மென்றாள், விழுங்கினாள், இருமவில்லை. அடுத்த வாய்க்கு அவளே திறந்தாள். கிண்ணம் காலியாகிற வரை என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இத்தனை நாளும் அவளுக்கு இருந்த ஒரே வழியில், உடம்பை விறைத்து விறைத்து, வேண்டாம் அப்பா என்று சொல்லியிருக்கிறாள். சொன்ன ஒவ்வொரு தடவையும் நான் இன்னொரு முடிச்சுப் போட்டிருக்கிறேன்.